வெளியுறவு அமைச்சரின் பதிலில் எங்கள் படகு எங்கே இருக்கிறது?

கடலோரப் பையன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ராமேசுவரம் தீவிலிருந்து எழுதுகிறேன். அப்பா சம்மாட்டி, அதாவது படகு உரிமையாளர். சம்மாட்டி என்றால் பெரிய ஆள் என்று நினைக்க வேண்டாம், எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு விசைப்படகு. கடலுக்குப் போவதற்கான அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு போன ஒரு ராத்திரி, எல்லை தாண்டியதாகச் சொல்லி அக்கரையில், இலங்கையில், பிடிபட்டது. அதில் போன ஐந்து பேரும் சில வாரங்களில் விடுதலையாகி, விமானத்தில் சென்னை வந்து, அங்கிருந்து ஊர் வந்து சேர்ந்தார்கள். படகு வரவில்லை.

போன கூட்டத்தொடரில் மக்களவையில் ஒரு எம்.பி. மீனவர் கைது பற்றிக் கேள்வி கேட்டிருந்தார். டிவியில் "வெளியுறவு அமைச்சர் பதில்" என்று கீழே எழுத்து ஓடியதும் அப்பா சோற்றுத் தட்டோடு எழுந்து வந்து நின்றார். மறுநாள் இணையத்தில் அந்தப் பதிலைத் தேடி எடுத்து, தமிழில் சொல்லிச் சொல்லி அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றரைப் பக்கம். கேள்வி அ, ஆ, இ, ஈ என்று நான்கு பிரிவாக இருந்தது. பதிலோ "(அ) முதல் (ஈ) வரை" என்று தொடங்கி, நான்குக்கும் சேர்த்து ஒரே பதிலாக இருந்தது. மீனவர் பாதுகாப்புக்கு அரசு மிகுந்த முக்கியத்துவம் தருகிறதாம், உயர்மட்டத்தில் பேசப்பட்டு வருகிறதாம், இரு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்த கூட்டுப் பணிக்குழு இருக்கிறதாம்.

வாசித்து முடித்ததும் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அதுல நம்ம படகு எங்கடா இருக்கு?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த மாதிரிப் பதிலை எப்படி வாசிப்பது? "உயர்மட்டத்தில் பேசினோம்" என்றால் அதற்கு ஏதாவது பொருள் இருக்கிறதா? அடுத்த கூட்டத்தொடருக்கு முன்னால் எம்.பி. அலுவலகத்துக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். என்ன கேட்கச் சொல்வது?

---

கரைவலை:

தம்பி, மனசைத் தேற்றிக்கொள். இருபது வருடமாக இதையே கேட்கிறார்கள், இதையே சொல்கிறார்கள். அந்தக் காகிதத்தை நம்பிக் காத்திருக்காமல் மீன்வளத் துறையில் நிவாரணத்துக்கு எழுதிப் போடு. என் மைத்துனர் அப்படித்தான் மறுபடி தொழிலுக்கு வந்தார். நாடாளுமன்றக் கேள்வி நேரம் எல்லாம் டிவிக்காரர்களுக்கு.

---

பழைய குறிப்பேடு:

தம்பி, உன் அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. அதை அப்படியே அவையில் கேட்கத் தெரியாததுதான் எங்களைப் போன்றவர்களின் குறை.

எங்களைப் போன்றவர்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நான் இரண்டு பதவிக்காலம் டெல்லியில் எம்.பி. உதவியாளராக இருந்தவன். அந்த வேலையில் பாதி, கேள்வி எழுதுவது. நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன், அதில் பெரும்பாலும் மோசமான கேள்விகள். நீ வாசித்த மாதிரிப் பதில்களை வாங்கிக்கொண்டு, நானும் எம்.பி.யிடம் போய் "சார், பதில் வந்துவிட்டது" என்று நீட்டியிருக்கிறேன். பதில் வந்தது, விஷயம் வரவில்லை. இது புரிய எனக்கு இரண்டு மூன்று வருடம் ஆனது. கரைவலை சொல்கிற சலிப்பு எனக்கும் இருந்தது. நிவாரணத்துக்கு எழுதச் சொன்னதும் சரிதான், அதை நிறுத்தாதே. ஆனால் கேள்வி நேரத்தைக் கைவிடச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பூட்டு சரியாகத்தான் இருக்கிறது, நாம் தப்பான சாவியைப் போட்டுத் திருகுகிறோம்.

முதலில் உன் கையில் இருக்கும் காகிதத்தின் தலைப்பைப் பார். "நட்சத்திரக் குறியிட்ட" என்று இருக்கிறதா, "குறியிடப்படாத" என்றா? மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20தான். குறியிடாத கேள்வி 230. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், கேட்டவர் இரண்டு துணைக்கேள்வி கேட்கலாம், பிறகு சபாநாயகர் அனுமதித்தால் மற்றவர்களும் கேட்கலாம். குறியிடாததற்கு எழுத்தில் பதில், அவ்வளவுதான். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், அதை வைத்து மறுகேள்வியும் கிடையாது. எங்கள் காலத்தில் நட்சத்திரப் பட்டியல் பச்சைத் தாளில் வரும், மற்றது வெள்ளைத் தாளில். காலையில் கட்டு வந்து விழுந்ததும் பச்சைத் தாளை உருவி, நம் எம்.பி. பெயர் எத்தனையாவது என்று பார்ப்போம். எந்தக் கேள்வி முன்னால் வரும் என்பது குலுக்கல்தான். முதல் ஐந்து ஆறுக்குள் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முறை வராது, அதுவும் எழுத்துப் பதிலாகவே போய்விடும்.

நீ சொல்வதைப் பார்த்தால் உன்னுடையது குறியிடாத கேள்வியாக இருக்க வேண்டும். பதிலின் மேலே யார் பெயர் இருக்கிறது என்றும் பார். பெரும்பாலும் அது இணை அமைச்சரின் பதிலாக இருக்கும். டிவியில் "வெளியுறவு அமைச்சர் பதில்" என்று ஓடும்போது, பல நேரம் அவர் வாயே திறந்திருக்க மாட்டார்.

அடுத்தது நாள். அமைச்சகங்களை ஐந்து குழுவாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். சமீப வருடங்களில் வெளியுறவுக்கு மக்களவையில் வெள்ளிக்கிழமை, மாநிலங்களவையில் வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றாலே ஊருக்குக் கிளம்பும் அவசரம் எல்லோருக்கும் இருக்கும். கேட்ட எம்.பி. இருக்கையில் இல்லாவிட்டால் அவருடைய துணைக்கேள்வி போச்சு. ஆகையால் எம்.பி. அலுவலகத்தில் நீ முதலில் கேட்க வேண்டிய உறுதி இது: நட்சத்திரக் கேள்வி கிடைத்தால் அன்று 11 மணிக்கு ஐயா அவையில் இருப்பாரா? இதைக் கேட்கக் கூச்சப்படாதே.

இப்போது கேள்விக்கு வருகிறேன். வழக்கமாக நாங்கள் எழுதியது இப்படி இருக்கும்: "மீனவர்கள் தொடர்ந்து கைது செய்யப்படுவது அரசுக்குத் தெரியுமா, தெரியும் எனில் அதன் விவரம், அரசு எடுத்த நடவடிக்கைகள் என்ன?" இதற்கு ஒன்றரைப் பக்கப் பதில் வருவதில் ஆச்சரியமே இல்லை. "தெரியுமா" என்றால் "தெரியும்". "நடவடிக்கை என்ன" என்று கேட்டால், கோப்பில் ஏற்கெனவே இருக்கும் பத்தியை எடுத்து வைத்துவிடுவார்கள். அந்தப் பத்தியில் பொய் எதுவும் இருக்காது. பேசியிருப்பார்கள், பணிக்குழுவும் இருக்கிறது, 2016 நவம்பரில் அமைத்தது. ஆனால் நாம் தேதி கேட்கவில்லை, எண்ணிக்கை கேட்கவில்லை, துறைமுகம் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல எந்த அதிகாரிக்கும் கட்டாயம் இல்லை.

இன்னொன்று, கச்சத்தீவு. இதைச் சொன்னால் நம்மூரில் கோபம் வரும், இருந்தாலும் அனுபவத்தில் சொல்கிறேன். கேள்வியில் கச்சத்தீவு என்ற சொல் வந்துவிட்டால் பதில் நேராக 1974க்குப் போய்விடும். அந்த வருடம் ஜூலை 23 அன்று அன்றைய வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங், கச்சத்தீவை இலங்கைக்கு உரியதாக ஏற்ற ஒப்பந்தத்தைப் பற்றி மக்களவையில் அறிக்கை வைத்தார். இரா. செழியனும் மூக்கையாத் தேவரும் எதிர்த்துப் பேசினார்கள். அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவில், இந்திய மீனவர்களும் பக்தர்களும் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம், அதற்கு விசா வேண்டாம் என்று இருக்கிறது. 1976இல் இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்களில், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று வந்தது. இந்த வரலாறு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை, எனக்கு அதில் உன் அப்பாவுக்கு இருக்கிற வருத்தம் இருக்கிறது. அது பெரிய விவாதம், தனியாக நடக்க வேண்டியது. படகைக் கேட்கப் போகும்போது அதையும் கூட்டிக்கொண்டு போனால், பதில் முழுக்க வரலாறாக வரும், படகு ஓரமாய் நின்றுவிடும்.

2024 ஏப்ரல் 1 அன்று டெல்லியில் செய்தியாளர்களிடம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் இரண்டு எண்களைச் சொன்னார். 20 ஆண்டுகளில் இலங்கையால் பிடிக்கப்பட்ட இந்திய மீனவர் 6,184 பேர், பிடிபட்ட படகுகள் 1,175. நான் அதை என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். அப்படியானால் கணக்கு அமைச்சகத்திடம் இருக்கிறது என்றுதானே பொருள்? பிடித்ததற்குக் கணக்கு இருந்தால் திரும்பி வந்ததற்கும் இருக்க வேண்டும். அதைத்தான் கேட்க வேண்டும். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

(அ) 2019 முதல் ஆண்டுவாரியாக இலங்கையில் பிடித்துவைக்கப்பட்ட தமிழக மீன்பிடிப் படகுகள் எத்தனை, அவற்றில் விசைப்படகு எத்தனை, நாட்டுப்படகு எத்தனை;

(ஆ) அவற்றுள் நீதிமன்றம் விடுவித்தவை, அரசுடமையாக்கப்பட்டவை, வழக்கு நிலுவையில் உள்ளவை தனித்தனியே எத்தனை;

(இ) விடுவிக்கப்பட்டவற்றில் இன்றுவரை இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவை எத்தனை, மற்றவை எந்தெந்தத் துறைமுகங்களில் உள்ளன;

(ஈ) மீன்பிடி தொடர்பான கூட்டுப் பணிக்குழு கடைசியாகக் கூடிய தேதி, படகுகள் குறித்து அதில் எடுத்த முடிவு;

(உ) படகு உரிமையாளர் அந்நாட்டு நீதிமன்றத்தில் உரிமை கோருவதற்கு யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம் தரும் உதவி என்ன, அதற்கு யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

பார், இதில் "தெரியுமா" என்பதே இல்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எண்ணோ தேதியோ ஊரோ தந்தாக வேண்டும். "(அ) முதல் (உ) வரை" என்று சேர்த்துக் கட்டினால் எது விடுபட்டது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கடைசிப் பிரிவுதான் எனக்கு மிக முக்கியம். அதற்கு எழுத்தில் வருகிற பதிலை உன் அப்பா சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகலாம்.

"தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்" என்றோ "பரிசீலனையில் உள்ளது" என்றோ பதில் வந்தால் சோர்ந்துவிடாதே, அது நல்ல செய்தி. அவை அரசு உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். அதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் அமைச்சகம் காரணம் சொல்லி அவகாசம் கேட்க வேண்டும். பத்திரிகையில் யாரும் எழுதாத குழு. அமைச்சகத்தில் அந்தக் கோப்பை மூட முடியாமல் மேசையில் வைத்துக்கொண்டிருக்கும் அதிகாரிக்கு அதன் கனம் தெரியும்.

---

சட்ட மாணவி:

பழைய குறிப்பேடு ஐயா, அருமையான விளக்கம். ஒரு சந்தேகம். கடலோரப் பையன் தன் படகின் பதிவு எண்ணையே கேள்வியில் போட்டால் என்ன? ஐஎன்டி டிஎன் 10 எம்எம் என்று ஆரம்பிக்குமே, அதை முழுதாகப் போட்டு, இந்தப் படகு எங்கே என்று கேட்டால் நழுவவே முடியாதே?

மக்களவை விதி 41ஐப் படித்துப் பார்த்தேன். கேள்வி 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது, கருத்துக் கேட்கக் கூடாது, அற்ப விஷயம் கூடாது, நட்பு நாட்டைப் பற்றி மரியாதைக் குறைவாக எழுதக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. பதிவு எண் கூடாது என்று நான் எங்கும் பார்க்கவில்லை.

---

பழைய குறிப்பேடு:

நல்ல கேள்வி அம்மா. விதியில் அப்படி ஒரு வரி இல்லைதான். ஆனால் ஒரு தனி நபருடைய விவகாரம் மட்டும் என்று தெரிந்தால், பொதுமுக்கியத்துவம் இல்லை என்று மக்களவைச் செயலகம் எடுக்காமல் விடலாம். போராடி வாங்கும் ஓர் இடத்தை அப்படி இழக்க மனசு வராது. பொதுக் கணக்கைக் கேள்வியாகக் கேட்டுவிட்டு, பதிவு எண்ணை எம்.பி.யின் கடிதத்தில் போட வேண்டும். அமைச்சருக்கு எம்.பி. எழுதும் கடிதத்துக்கு முதலில் ஒப்புதல் வரும், பிறகு பதில் வரும். கேள்வியும் கடிதமும் ஒரே வாரத்தில் போனால் இரண்டும் ஒரே மேசைக்கு வந்து சேரும். இன்னொரு வழி விதி 377. 250 சொல்லுக்குள் ஒரு விஷயத்தை அவையில் எழுப்பலாம், அமைச்சகத்திலிருந்து எழுத்தில் பதில் வரும். அங்கே ஊர்ப் பெயர், துறைமுகப் பெயர் எல்லாம் தாராளமாக எழுதலாம்.

நட்பு நாடு என்ற விதியைப் பற்றிச் சொன்னாயே, அதில் எனக்கு ஓர் இரவு நினைவிருக்கிறது. ஒரு மீனவர் காயம்பட்டு வந்த விஷயம். கோபத்தில் "அட்டூழியம்" என்று பொருள்படும் சொல்லைப் போட்டு எழுதியிருந்தேன். எம்.பி. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இந்தச் சொல்லை எடுத்தா கேள்விக்கு என்ன குறையும்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், எதுவும் குறையவில்லை. அதை எடுத்துவிட்டு, சம்பவம் நடந்த தேதி, நேரம், மருத்துவமனையில் எழுதிய காயக் குறிப்பு மூன்றையும் வைத்தோம். கேள்வி முன்னைவிடப் பலமாக நின்றது. கோபத்தை அடக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோபம் துணைக்கேள்வியில் குரலில் வரட்டும். எழுத்தில் தேதி இருக்கட்டும்.

கேள்விக்கு எம்.பி. நோட்டீஸ் கொடுக்க வேண்டிய நாளை மறந்துவிடக் கூடாது. பதில் வேண்டிய நாளுக்கு முழுதாக 15 நாளுக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும். பலரும் கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு ஓடி வருவார்கள், அதற்குள் முதல் இரண்டு வாரத்துக்கான கேள்விகள் முடிந்திருக்கும்.

---

தோஹா வாசல்:

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்குக் கடல் தெரியாது. என் அண்ணன் வளைகுடா நாடு ஒன்றில் சிறையில் இருந்தான். கையெழுத்துப் போட்டது யார், பணம் எடுத்தது யார் என்று தெரியாத ஒரு வழக்கு. எட்டு மாதம் அம்மா தூங்கவில்லை. அப்போதுதான் எனக்கும் இந்த நாடாளுமன்றப் பதில்களைப் படிக்கும் பழக்கம் வந்தது.

நமக்குத் தெரியாமலே எவ்வளவு விஷயம் அங்கே கிடக்கிறது! வெளிநாட்டுச் சிறைகளில் எத்தனை இந்தியர் என்று யாரோ கேட்டதால்தான் நாடுவாரியாகப் பட்டியல் வருகிறது. 2025 மார்ச்சில் வந்த பதிலில் விசாரணைக் கைதிகளையும் சேர்த்து 10,152 பேர் என்று இருந்தது. பட்டியலில் என் அண்ணன் இருந்த நாட்டுக்கு எதிரே இருந்த எண்ணைப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. அதில் ஒன்று அவன். ஆனால் அந்தப் பதிலின் அடியில் தூதரகம் என்ன செய்யும் என்று எழுதியிருந்தது: கைதியை நேரில் பார்க்க அனுமதி கேட்பது, வழக்கறிஞர் பட்டியல் தருவது, வசதியில்லாதவருக்கு இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உதவுவது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து, எம்.பி. கடிதத்தோடு சேர்த்து, வெளிநாட்டில் சிக்கியவர்களுக்கான குறைகளைப் பதிவு செய்யும் அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) இணையதளத்திலும் ஏற்றினோம். "இது உங்கள் அமைச்சகமே அவையில் சொன்னது" என்று ஒரு வரி சேர்த்தேன். மூன்றாவது வாரத்தில் தூதரகத்திலிருந்து ஒருவர் அவனைப் போய்ப் பார்த்தார். இப்போது ஊருக்கு வந்துவிட்டான்.

அந்தக் காகிதம் அவனை விடுவித்தது என்று சொல்ல மாட்டேன். நாங்கள் பேச ஆரம்பிக்க ஒரு சொல்லைக் கொடுத்தது. தம்பி, (உ) பிரிவை மட்டும் விட்டுவிடாதே.

ஒரே ஒரு மனக்குறை இருக்கிறது ஐயா. பெரிய செய்திகளை அமைச்சர்கள் அவையில் சொல்லி, குடும்பம் டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்கிறதே, அது எந்த வகையில் நியாயம்?

---

பழைய குறிப்பேடு:

தங்கச்சி, உங்கள் அண்ணன் வந்து சேர்ந்தது பெரிய நிம்மதி.

நீங்கள் கேட்பது மோசூல் விஷயத்தை எனக்கு நினைவூட்டுகிறது. 2014 ஜூனில் ஈராக்கின் மோசூலில் இந்தியத் தொழிலாளர்கள் கடத்தப்பட்டார்கள். தப்பி வந்த ஒருவர் மற்றவர்கள் கொல்லப்பட்டதாகச் சொன்னார். அன்றைய அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் அதை ஏற்கவில்லை. ஆதாரம் இல்லாமல் ஒருவரை இறந்தவர் என்று அறிவிப்பது பாவம், அதை நான் செய்ய மாட்டேன் என்ற நிலையில் 2017 ஜூலையில் மக்களவையில் உறுதியாக நின்றார். மரபணுச் சோதனைக்குப் பிறகு 2018 மார்ச் 20 அன்று மாநிலங்களவையில் எழுந்து 39 பேரும் இறந்துவிட்டார்கள் என்று அறிவித்தார். அன்று மக்களவையில் கூச்சலில் அவரால் பேசவே முடியவில்லை. பஞ்சாபில் பல குடும்பங்களுக்கு டிவி பார்த்துத்தான் தெரிந்தது. நான்கு வருடம் காத்திருந்தவர்கள். ஏன் எங்களுக்கு முதலில் சொல்லவில்லை என்று கேட்டார்கள். அவை கூடியிருக்கும்போது அவைக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது நடைமுறை என்று அமைச்சர் விளக்கினார்.

அந்த நடைமுறை எதற்கு வந்தது என்று எனக்குத் தெரியும். அரசு ஒரு விஷயத்தை வெளியே சொல்லிவிட்டு அவையை ஒதுக்கக் கூடாது. அது தேவை. ஆனால் அவைக்கு 11 மணிக்குச் சொல்லப் போகிற ஒன்றை, பத்தரைக்கு ஒரு தாயிடம் தொலைபேசியில் சொல்வதால் அவையின் மானம் எங்கும் போகாது. அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இதில் கேள்வி நேரத்துக்கும் அறிக்கைக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். அமைச்சர் தானாக வந்து வாசிக்கும் அறிக்கைக்கு மக்களவையில் அப்போதே கேள்வி கேட்க முடியாது. மாநிலங்களவையில் வழக்கப்படி விளக்கம் கேட்க விடுவார்கள். 2025 பிப்ரவரியில் அமெரிக்கா 104 இந்தியர்களை ராணுவ விமானத்தில் விலங்கிட்டு அனுப்பியபோது, மறுநாள் ஜெய்சங்கர் மாநிலங்களவையில் அறிக்கை வைத்தார். விலங்கிடுவது 2012 முதல் இருக்கும் நடைமுறை என்றும், 2009 முதல் எந்த ஆண்டில் எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்றும் சொன்னார். அறிக்கை முடிந்ததும் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து கேட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தை நான் இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை அமைச்சரைப் பார்த்தேன். இரண்டாம் முறை கேட்பவர்களை மட்டும் பார்த்தேன். நீளமாகப் பேசியவர்களுக்குப் பொதுப்படையாக ஒரு பதில் கிடைத்தது. சின்னதாக, ஒரே ஒரு விவரம் கேட்டவர்களுக்கு அந்த விவரத்தைப் பற்றியாவது ஏதேனும் சொல்ல வேண்டியிருந்தது.

---

கரைவலை:

ஐயா, காலையில் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். படகுக்கு ஈடு, ஆழ்கடல் படகுக்கு மானியம், இதெல்லாம் கேட்டால் வெளியுறவு அமைச்சகம் என்ன சொல்லும்? கடலடியை வாரும் இழுவை மடியை விட்டுவிட்டு ஆழ்கடலுக்குப் போங்கள் என்று எங்களுக்கு மட்டும் சொல்கிறார்களே.

---

பழைய குறிப்பேடு:

இது மீன்வள அமைச்சகத்துக்கு உரியது, மாநில அரசுக்கு உரியது என்று ஒரு வரியில் முடித்துவிடும். வெளியுறவு அமைச்சர் உள்நாட்டு விஷயத்துக்குப் பதில் சொல்வது பாஸ்போர்ட், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் போன்றவற்றில்தான். ஆகையால் ஒரே கேள்வியில் கலக்காதீர்கள். 2017இல் தொடங்கிய பாக் நீரிணை ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தில் இதுவரை எத்தனை படகு கட்டிக் கொடுத்தார்கள், அதில் எத்தனை இன்று கடலுக்குப் போகின்றன, கடன் தவணை கட்ட முடியாமல் நிற்பவை எத்தனை என்று மீன்வள அமைச்சகத்துக்குத் தனியாகக் கேளுங்கள். அவர்களுக்கு வேறு நாள், வேறு பட்டியல். இழுவை மடி பற்றி அக்கரைத் தமிழ் மீனவர்களுக்கு இருக்கும் வருத்தமும் உண்மையானது. 2017லேயே அங்கே அதைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். இரண்டு கரைக்கும் பொதுவான கேள்வி அது, இன்னொரு நாள் பேசலாம்.

---

கடலோரப் பையன்:

எல்லோருக்கும் நன்றி. பழைய குறிப்பேடு ஐயா எழுதிக் கொடுத்ததை நேற்று ராத்திரி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். (அ), (ஆ) வரை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். (இ) வந்ததும் நிறுத்தச் சொன்னார். "எந்தத் துறைமுகம்னு கேட்டா போதாதுடா. தண்ணியில கட்டியிருக்காங்களா, கரையில ஏத்தியிருக்காங்களான்னு கேளு" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் அவரே சொன்னார். மரப்படகு கரையில் வெயிலில் கிடந்தால் பலகை காய்ந்து பிளந்துவிடும். தண்ணீரில் கட்டிக் கிடந்தால், ஊறி உள்ளே வரும் தண்ணீரை அவ்வப்போது இறைக்க ஆள் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் உட்கார்ந்துவிடும். இஞ்சினுக்குள் உப்புத் தண்ணீர் போனால் அதோடு சரி. நீதிமன்றம் விடுவித்தாலும் கொண்டுவருவதற்கு என்ன மிச்சம் இருக்கும் என்று தெரிந்தால்தான், அதற்காக அலைவதா, கடன் வாங்கிப் புதுசு கட்டுவதா என்று அவர் முடிவு செய்ய முடியும்.

திங்கட்கிழமை எம்.பி. அலுவலகத்துக்குப் போகிறோம். அப்பாவும் வருகிறார். பதிவு எண்ணும் பிடிபட்ட தேதியும் கடிதத்தில் எழுதிவிட்டேன். ஐயா, அப்பா சொன்னதை எந்தப் பிரிவில் சேர்ப்பது? 150 சொல்லுக்குள் நிற்குமா?

---

பழைய குறிப்பேடு:

(இ)யின் கடைசியில் "அவை நீரில் உள்ளனவா, கரையில் ஏற்றப்பட்டுள்ளனவா, கடலில் செலுத்தத்தக்க நிலையில் உள்ளவை எத்தனை" என்று சேர்த்துக்கொள். தமிழில் எண்ணிப் பார்த்தேன், தாராளமாக நிற்கிறது. ஆங்கிலத்தில் சொல் கூடும், அவர்கள் டைப் செய்ததும் எனக்கு அனுப்பு, இடிக்கிற இடத்தைக் குறைத்துத் தருகிறேன். இத்தனை கேள்வி எழுதியிருக்கிறேன், இதைக் கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. அப்பாவிடம் சொல்.